வன்மையா, உவரா? யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரை நியமித்துப் பார்க்கும் முறை

கேத்தலின் அடியில் வெள்ளைப் படை ஏறுகிறது. சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறது. தேத்தண்ணி நாக்கில் கரிக்கிறது. மூன்றுக்கும் நம்மூரில் ஒரே பேச்சுத்தான்: "தண்ணி சவர்." உண்மையில் முதல் இரண்டும் வன்மையின் வேலை. கல்சியமும் மகனீசியமும் கரைந்திருப்பதால் வருவது அது. மூன்றாவது உவர், அதாவது குளோரைட்டு. வன்மையில் ஒரு பங்கு கொதிக்க வைத்தால் படிந்துபோகும். குளோரைட்டு எவ்வளவு கொதித்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாக ஆக இன்னும் செறிவாகும். ஒன்று சுண்ணக்கல்லில் இருந்து வருகிறது. மற்றது பெரும்பாலும் கடலில் இருந்து வருகிறது, சில வேளை மலகூடக் குழியிலிருந்தும் பசளையிலிருந்தும் வருகிறது. ஆகவே எது எவ்வளவு என்று தெரியாமல் வடிகட்டி வாங்குவதும், கிணற்றை இன்னும் ஆழமாக்குவதும் காசை வீணாக்கும். ஆழமாக்குவது சில இடங்களில் உள்ளதையும் கெடுத்துவிடும்.

குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் செம்மண்ணூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டை ஏற்று, அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அந்த நன்னீர் கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைப் போல ஏறத்தாழ 1.025 மடங்கு என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், மேல் மட்டம் அரை மீற்றர் இறங்க, கீழே உவர் 20 மீற்றர் ஏற இடமுண்டு. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இந்த அமைப்பைக் கண்ணுக்குக் காட்டும் இடம்.

கீழே தருவது பாடசாலை ஆய்வுகூடத்திலோ சிறிய ஆய்வுகூடத்திலோ செய்யக்கூடிய இரண்டு நியமிப்புகள். நியமிப்பு என்பது செறிவு தெரிந்த கரைசலை நிறம் மாறும்வரை துளித்துளியாக விட்டு, செலவான அளவைக் கொண்டு கணக்கிடுவது. வன்மைக்கு ஈடிடிஏ (கல்சியத்தையும் மகனீசியத்தையும் பற்றிக்கொள்ளும் சேர்வை), குளோரைட்டுக்கு வெள்ளி நைத்திரேற்று. கையில் பிடிக்கும் டீடீஎஸ் (மொத்தக் கரைந்த திண்மம்) மீற்றர் இதற்குப் போதாது. அது மின்கடத்துதிறனை அளந்து ஒரு மொத்த எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குள் கல்சியம் எவ்வளவு, குளோரைட்டு எவ்வளவு என்பதைச் சொல்லாது.

மாதிரி எடுத்தல்

பிழைகளில் பாதி இங்கேதான் நடக்கிறது, அதனால் இதில் அவசரம் வேண்டாம். மேல்தொட்டித் தண்ணீரை எடுக்காதீர்கள். தொட்டியில் நிற்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி, கல்சியம் காபனேற்று சுவரில் படிந்துவிடும்; வன்மை குறைவாகத் தெரியும். மோட்டர் உள்ள கிணறென்றால் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகுமுன் உள்ள குழாய் வாயில் பிடியுங்கள். துலாக் கிணறென்றால் வாளியைப் பல தடவை தாழ்த்தி எடுத்த பிறகு வரும் தண்ணீரை எடுங்கள். 500 மி.லீ. பிளாஸ்டிக் போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, வாய் தளும்ப நிரப்பி, காற்றிடைவெளி இல்லாமல் மூடுங்கள். இடைவெளி இருந்தால் போத்தலுக்குள்ளும் அதே படிவு நடக்கும். அன்றே அளப்பது நல்லது. வைத்திருக்கத்தான் வேண்டுமென்றால் வன்மைக்கான போத்தலில் மட்டும் செறிந்த நைத்திரிக் அமிலம் சில துளி விட்டு பீஎச் 2க்குக் கீழே கொண்டுவாருங்கள், அளக்குமுன் நடுநிலையாக்குங்கள். ஐதரோகுளோரிக் அமிலம் விட்ட போத்தலில் குளோரைட்டை அளக்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் இது நடப்பதுண்டு.

தோட்டக் கிணறென்றால் இரண்டு மாதிரி எடுங்கள். இறைப்புத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஒன்று, இரண்டு மணித்தியாலம் இறைத்த பின் இன்னொன்று. இதன் பயன் முடிவைப் படிக்கும்போது தெரியும்.

கண்ணாடிப் பாத்திரமும் காய்ச்சிவடித்த நீரும்

50 மி.லீ. அளவி (பியூரெட்டு), 25 மி.லீ. மற்றும் 10 மி.லீ. குழாயிகள் (பிப்பெட்டு), 250 மி.லீ. கூம்புக் குடுவைகள், 1 லீற்றர் கனமானக் குடுவை, 0.001 கிராம் வரை காட்டும் தராசு, ஒரு வெள்ளை ஓடு. இவை போதும்.

குடுவையை நம்மூர்க் குழாய்த் தண்ணீரால் கழுவி அப்படியே பாவிக்காதீர்கள். வன்மை 400 மி.கி./லீ. உள்ள தண்ணீர் அடியில் அரை மில்லிலீற்றர் தங்கினாலே 0.2 மி.லீ. ஈடிடிஏ கூடுதலாகச் செலவாகும். காய்ந்துபோன வெள்ளைப் புள்ளிகள் இன்னும் மோசம். அவற்றை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் கரைத்து, காய்ச்சிவடித்த நீரால் குறைந்தது நான்கு முறை அலசுங்கள்.

கடையில் "பற்றரித் தண்ணி" என்று விற்பதைப் பாவிப்பவர்கள் முதலில் அதைச் சோதியுங்கள். 50 மி.லீ. எடுத்து, கீழே சொல்லும் தாங்கற் கரைசல் (பீஎச்சை மாறாமல் வைத்திருப்பது) 1 மி.லீ. விட்டு, காட்டி (நிறம் மாறிக் காட்டும் தூள், அதுவும் கீழே) ஒரு சிட்டிகை போடுங்கள். உடனே நீலமாக இருக்க வேண்டும். சிவந்தால் அதில் வன்மை இருக்கிறது. வேறொரு பங்கில் வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விடுங்கள். பால் கலங்கினால் குளோரைட்டு இருக்கிறது.

வன்மைக்கான கரைசல்கள்

ஈடிடிஏ, 0.01 மோலர்: இருசோடியம் உப்பின் இருநீரேற்று 3.722 கிராம் நிறுத்து, காய்ச்சிவடித்த நீரில் கரைத்து 1 லீற்றராக்குங்கள். மெதுவாகத்தான் கரையும், கலக்கிக்கொண்டே இருங்கள். கண்ணாடிப் போத்தலில் நாள்கணக்கில் வைத்தால் கண்ணாடியிலிருந்தே கல்சியத்தை இழுக்கும். பொலித்தீன் போத்தலில் வையுங்கள்.

கல்சிய நியமக் கரைசல்: தூய கல்சியம் காபனேற்றை 105 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் உலர்த்தி, ஆறவிட்டு, 1.000 கிராம் நிறுங்கள். கொஞ்சம் நீரில் குழைத்து, ஒன்றுக்கொன்று ஐதாக்கிய ஐதரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் கரையுங்கள். நுரை சிதறினால் எடை போச்சு, ஆகவே குடுவை வாயில் புனல் வையுங்கள். கரைந்ததும் நீர் சேர்த்துச் சில நிமிடம் கொதிக்கவைத்து காபனீரொட்சைட்டை வெளியேற்றி, ஆறிய பின் ஐதான அமோனியாவால் அமிலத்தன்மையைத் தணித்து 1 லீற்றராக்குங்கள். இதில் 1 மி.லீ. என்பது 1 மி.கி. கல்சியம் காபனேற்று.

தாங்கற் கரைசல், பீஎச் 10: அமோனியம் குளோரைட்டு 16.9 கிராமை செறிந்த அமோனியா 143 மி.லீ.யில் கரையுங்கள். வேறொரு முகவையில் ஈடிடிஏ உப்பு 1.179 கிராமும் மகனீசியம் சல்பேற்று ஏழுநீரேற்று 0.780 கிராமும் 50 மி.லீ. நீரில் கரைத்து இதனுடன் சேர்த்து, 250 மி.லீ. ஆக்குங்கள். அந்த இரண்டும் சமமூல் அளவில் இருப்பதால் கணக்கைக் குழப்பாது. மகனீசியம் இல்லாத நீரில் எரியோகுரோம் கறுப்பு டி தெளிவாக நிறம் மாறாது. அதற்காகத்தான் இதைச் சேர்க்கிறோம். அமோனியாவைத் திறந்த யன்னலுக்குப் பக்கத்திலோ புகைக்கூண்டிலோ மட்டும் ஊற்றுங்கள். நம்மூர் வெயிலில் போத்தலைத் திறந்து திறந்து மூட அமோனியா பறந்துவிடும். மாதம் ஒருமுறை புதிதாகச் செய்யுங்கள். 2 மி.லீ. விட்டும் மாதிரியின் பீஎச் 10க்கு வரவில்லையென்றால் முழுவதையும் கழியுங்கள்.

காட்டி: எரியோகுரோம் கறுப்பு டி 0.5 கிராமை 100 கிராம் சோடியம் குளோரைட்டுடன் உரலில் மாவாக அரைத்து, இறுக மூடிய போத்தலில் வையுங்கள். மதுசாரத்தில் கரைத்தால் சில கிழமையில் பழுதாகும். தூளாக இருந்தால் நீண்ட காலம் கிடக்கும். இது பெரும்பாலும் உப்பு என்பதை மறக்காதீர்கள். இந்தத் தூளை எடுத்த கரண்டி குளோரைட்டு மேசைப் பக்கம் போகவே கூடாது.

முதலில் ஈடிடிஏயைச் சரிபாருங்கள். நியமக் கரைசல் 10.00 மி.லீ. எடுத்து 50 மி.லீ. ஆக்கி நியமித்தால் 10.00 மி.லீ. செலவாக வேண்டும். 10.15 ஆனால் காரணி 10.00 ÷ 10.15, அதாவது 0.985. இனி வரும் ஒவ்வோர் அளவையும் இதனால் பெருக்குங்கள்.

மொத்த வன்மையை நியமித்தல்

மாதிரி 25.00 மி.லீ.யைக் குழாயியால் எடுத்து, காய்ச்சிவடித்த நீரால் 50 மி.லீ. ஆக்குங்கள். தாங்கற் கரைசல் 1 முதல் 2 மி.லீ. விடுங்கள். காட்டி ஒரு சிறு சிட்டிகை. திராட்சைச் சிவப்பு வரும். தாங்கற் கரைசல் விட்ட நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் நியமிப்பு முடிய வேண்டும். பீஎச் 10இல் நம்மூர்த் தண்ணீரிலிருந்து கல்சியம் காபனேற்று படியத் தொடங்கிவிடும். ஆகவே அளவியை முன்கூட்டியே நிரப்பி, நுனியில் காற்றுக் குமிழி இல்லை என்று பார்த்து, பூச்சியத்தை வாசித்த பிறகே தாங்கற் கரைசலை விடுங்கள்.

ஈடிடிஏயை முதலில் வேகமாக, பின் மெதுவாக விடுங்கள். சிவப்பு ஊதாவாக மங்கும்போது துளிக்குத் துளி மூன்று முதல் ஐந்து விநாடி இடைவெளி கொடுங்கள். ஊதாவின் கடைசிச் சாயலும் போய்த் தூய நீலம் வரும் துளிதான் முடிவுப்புள்ளி. வெள்ளை ஓட்டின் மேல், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஏற்கனவே முடித்த நீலக் குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறாது. இரண்டு அளவுகள் 0.10 மி.லீ.க்குள் ஒத்துவரும் வரை திரும்பச் செய்யுங்கள். 15 மி.லீ.க்கு மேல் செலவாகினால் மாதிரியைக் குறைத்து 10 மி.லீ. எடுங்கள். காய்ச்சிவடித்த நீரை மட்டும் எடுத்து வெற்று நியமிப்பும் செய்யுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: 25 மி.லீ.க்கு 9.60 மி.லீ., வெற்று 0.05, காரணி 1.000. வேறுபாடு 9.55, அதை 1000ஆல் பெருக்கி 25ஆல் வகுக்க 382. அதாவது கல்சியம் காபனேற்றாக லீற்றருக்கு 382 மி.கி. இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்எல்எஸ் 614 மொத்த வன்மைக்கு வைத்திருக்கும் எல்லை 250.

நிறம் சொல்வதைக் கவனியுங்கள். நீலம் வந்து ஒரு நிமிடத்தில் மறுபடி சிவந்தால், படிந்த காபனேற்று திரும்பக் கரைகிறது என்று பொருள்; மாதிரியை இன்னும் ஐதாக்கி விரைவாகச் செய்யுங்கள். தாங்கற் கரைசல் விட்டதுமே கலங்கினாலும் அதேதான். ஊதாவிலேயே இழுத்துக்கொண்டு நின்றால் காட்டி கூடிவிட்டது, அல்லது அமோனியா பறந்துவிட்டது. எவ்வளவு விட்டும் சிவப்பு அசையாவிட்டால் செம்பு போன்ற உலோகம் காட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செம்புக் கொதிகலனில் வடித்த நீரிலிருந்தும் அது வரும், நீரை மாற்றிப் பாருங்கள்.

கல்சியத்தைப் பிரித்தறிதல்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், கடல்நீரின் கைரேகை இங்கேதான் இருக்கிறது. அதே அளவு மாதிரியில் 1 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டு 2 மி.லீ. விட்டு பீஎச்சை 12க்கும் 13க்கும் இடையில் கொண்டுவாருங்கள். மகனீசியம் ஐதரொட்சைட்டாக விலகிவிடும். மியூரெக்சைட்டுத் தூள், அதாவது 0.2 கிராமை 100 கிராம் உப்புடன் அரைத்தது, ஒரு சிட்டிகை போட்டு உடனே நியமியுங்கள். இளஞ்சிவப்பு ஊதாவாக மாறும். இந்த மாற்றம் எரியோகுரோமைப் போலப் பளிச்சென்று இராது. மேலும் ஒரு துளி விட்டு நிறம் இனி மாறவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

மேற்சொன்ன நீருக்கு இதில் 7.10 மி.லீ. செலவாகி வெற்று 0.05 என்றால் வேறுபாடு 7.05. கல்சிய வன்மை 282. 1 மி.லீ. ஈடிடிஏ 0.4008 மி.கி. கல்சியத்துக்குச் சமன் என்பதால் கல்சியம் 113 மி.கி./லீ. மிச்ச வன்மை 100 மகனீசியத்தினது. அது 24 மி.கி./லீ.

குளோரைட்டு

வெள்ளி நைத்திரேற்று, 0.0141 மோலர்: 2.395 கிராமைக் கரைத்து 1 லீற்றராக்கி, கபிலப் போத்தலில் இருட்டில் வையுங்கள். 1 மி.லீ. இதில் 0.500 மி.கி. குளோரைட்டுக்குச் சமன். சரிபார்க்க, 140 பாகையில் உலர்த்திய சோடியம் குளோரைட்டு 0.824 கிராமை 1 லீற்றராக்கிய நியமக் கரைசலைப் பாவியுங்கள்; அதிலும் 1 மி.லீ.க்கு 0.500 மி.கி. குளோரைட்டு இருக்கும். காட்டி, பொற்றாசியம் குரோமேற்று லீற்றருக்கு 50 கிராம். குரோமேற்று புற்றுநோய் விளைவிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூள் பறக்க விடாதீர்கள். வெள்ளி நைத்திரேற்று தோலைக் கறுப்பாக்கும்.

மாதிரி 50 மி.லீ.க்கு குரோமேற்று அரை மி.லீ. விட்டு நியமியுங்கள். வெள்ளை வீழ்படிவு வந்துகொண்டே இருக்கும். மஞ்சளில் செங்கல் நிறச் சாயல் முதன்முதலாகத் தோன்றி, கலக்கியும் போகாமல் நிற்கும் இடம் முடிவு. செக்கச்செவேலென்று ஆகும்வரை விட்டால் கூடிவிட்டது. வெற்று நியமிப்புக்கு, காய்ச்சிவடித்த நீரில் குளோரைட்டு இல்லாத கல்சியம் காபனேற்றுத் தூள் கொஞ்சம் போட்டு, மாதிரியைப் போலவே கலங்கச் செய்யுங்கள்; 0.2 அல்லது 0.3 மி.லீ. செலவாகும். பீஎச் 7க்கும் 10க்கும் இடையில் இருக்க வேண்டும். அமிலமாக இருந்தால் வெள்ளிக் குரோமேற்று தோன்றாது. மிகக் காரமாக இருந்தால் வெள்ளி ஒட்சைட்டாக விழும். சுண்ணக்கல் கிணற்று நீர் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேயே வரும், ஆனாலும் தாளால் பார்த்துவிடுங்கள். கடற்கரையோரக் கிணறென்றால் 50 மி.லீ. அதிகம், 5 மி.லீ. எடுத்து ஐதாக்குங்கள்.

14.30 செலவாகி வெற்று 0.25 என்றால் 14.05ஐ 0.500ஆல் பெருக்க 7.03 மி.கி. 50 மி.லீ.யில் இது என்பதால், லீற்றருக்கு ஏறத்தாழ 141 மி.கி. நியம எல்லை 250. அந்த எல்லையைத் தாண்டும்போது பலருக்கு நாக்கில் உப்பு தெரியத் தொடங்கும்.

எண்களைச் சேர்த்துப் படித்தல்

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மி.கி. குளோரைட்டு, 1,290 மி.கி. மகனீசியம், 410 மி.கி. கல்சியம் உண்டு. மூல் கணக்கில் மகனீசியம் கல்சியத்தைப் போல ஐந்து மடங்கு. சுண்ணக்கல் நீரில் நிலைமை நேர்மாறு, கல்சியமே மிகை. மேலே பார்த்த கிணற்றின் 141 மி.கி. குளோரைட்டும் கடலிலிருந்தே வந்ததென்று வைத்துக்கொண்டாலும் கலப்பு 0.75 வீதம்கூட இல்லை. அது கொண்டுவரக்கூடிய வன்மை 50க்கும் குறைவு. ஆகவே 382இல் பெரும்பங்கு கல்லிலிருந்து வந்தது. இந்தக் கிணற்றுக்கு உவர் பிரச்சினை இல்லை, வன்மைப் பிரச்சினைதான். மாதிரியை அரை மணித்தியாலம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடித்து, இழந்த நீரைக் காய்ச்சிவடித்த நீரால் ஈடுசெய்து மறுபடி நியமித்தால் எவ்வளவு வன்மை தற்காலிகமானது என்பதும் தெரிந்துவிடும்.

குளோரைட்டு ஏற ஏற மகனீசியத்தின் பங்கும் கூடினால் கடல்நீர் உள்ளே வருகிறது. ஒரு எச்சரிக்கை: உவர் முதலில் புகும் இடங்களில் சோடியம் களிமண்ணில் ஏறி, அங்கிருந்த கல்சியத்தை வெளியே தள்ளும். அப்போது கல்சியமும் சேர்ந்து ஏறும். ஆகவே ஒரு தடவை எடுத்த விகிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், குளோரைட்டின் போக்கைப் பாருங்கள். மகனீசியம் கூடாமல் குளோரைட்டு மட்டும் கூடியிருந்தால் பக்கத்து மலகூடக் குழியையும், தோட்டத்தில் போடும் பொற்றாசியம் குளோரைட்டுப் பசளையையும் சந்தேகியுங்கள்.

தோட்டக் கிணற்றின் இரண்டு மாதிரிகளுக்கு இப்போது வருவோம். இரண்டு மணித்தியால இறைப்புக்குப் பின் குளோரைட்டு தெளிவாகக் கூடியிருந்தால், மோட்டர் கீழிருக்கும் உவரைக் கூம்பாக மேலே இழுக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் ஒரே மூச்சில் இறைப்பதை விட்டு, இடைவெளி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே அதற்குப் பரிகாரம். ஆழமாக்கினால் உவருக்குப் பக்கத்தில் போவீர்கள். அளவீட்டை ஆண்டுக்கு இரண்டு தடவை செய்யுங்கள். மாரி முடிந்து தை மாதத்தில் ஒன்று, தண்ணீர் மிகவும் இறங்கும் ஆவணி, புரட்டாசியில் ஒன்று. குறிப்பேட்டில் திகதியுடன் நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை மீற்றர் என்பதையும், மோட்டர் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை அடுத்த ஆண்டு எதனோடும் ஒப்பிட முடியாது.

இந்த இரண்டு நியமிப்பும் நைத்திரேற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, சுவையில்லை, கொதித்தாலும் போகாது. செறிவாகப் பசளை போடும் செம்மண் தோட்டங்களின் நடுவே உள்ள கிணறுகளில் அதைத் தனியே அளக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 50 மி.கி.; போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். கிருமிச் சோதனையும் வேறுதான்.

கழிவு

குளோரைட்டுக் கழிவைத் தரையில் ஊற்றினால், பிளவுகள் நிறைந்த சுண்ணக்கல்லூடாக நேரே கிணற்றுக்குத்தான் போகும். ஒரு போத்தலில் சேருங்கள். முதலில் கொஞ்சம் கறியுப்பு போட்டுக் கலக்க, செந்நிறம் போய் வெள்ளி முழுவதும் வெள்ளைக் குளோரைட்டாக அடையும். தெளிந்த மஞ்சள் நீரை வேறு பாத்திரத்தில் வடித்து, ஐதான சல்பூரிக் அமிலத்தால் சற்று அமிலமாக்கி, அஸ்கோபிக் அமிலத் தூளை மஞ்சள் மறைந்து வெளிர்பச்சை வரும்வரை போடுங்கள். பின் சலவைச் சோடாவால் நடுநிலையாக்க குரோமியம் படியும். அந்தப் படிவையும் வெள்ளிப் படிவையும் பெயர் எழுதி மூடி, இரசாயனக் கழிவு ஏற்கும் ஆய்வுகூடத்திடம் கொடுங்கள். வன்மை நியமித்த கழிவில் அமோனியா இருக்கிறது. அதை வெள்ளிக் கழிவுடன் ஒரே போத்தலில் ஊற்றவே கூடாது. வெள்ளியும் அமோனியாவும் சேர்ந்து கிடந்தால் காய்ந்த பின் தொட்டாலே வெடிக்கும் பொருள் உண்டாகலாம். இரண்டு போத்தல், இரண்டு வெவ்வேறு நிற மூடி, மேசையின் இரண்டு முனைகளில்.